என் எண் அல்ல

சேந்தனேந்தல், பரமக்குடி வழி
6 ஆகஸ்ட் 2025

தக்சி,

ஆமாம், உங்கள் எண்ணை நான்தான் நிறுத்தினேன். டவர் பழுதாகவில்லை. ரீசார்ஜும் தீரவில்லை.

நீ கடைக்கு வந்து கேட்டதாகத் தர்மராஜ் அண்ணன் சொல்லி அனுப்பினார். அப்போது நான் அங்கே இல்லை. ஒன்றாம் தேதியே ஊருக்கு வந்துவிட்டேன். என் போன் விசாரணைக்கு வந்தவர்களிடம் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தாள். ஆறு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுவாக இருக்க வேண்டியிருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால் சின்னதாகத் தெரியும் என்று நினைக்கிறேனோ என்னவோ.

ஜூலை முப்பதாம் தேதி சிம் மோசடியை விசாரிக்க இரண்டு பேர் மண்டபம் கடைத்தெருவுக்கு வந்தார்கள். கையில் ஒரு பட்டியல். ஒரே பெயரில் பல சிம் வைத்திருப்பவர்களின் பட்டியல். பாம்பனிலிருந்து ஒவ்வொரு போன் கடையாகக் கேட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். எங்கள் கடைக்கு நாளை வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தர்மராஜ் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"ஏத்தா, ஒம் பேர்ல எத்தனை கெடக்கு?"

"ஏழுண்ணே. ஒண்ணு என்னுது."

"மத்த ஆறும்?"

"ரேகை விழாதவங்களுக்குப் போட்டுக் குடுத்தது."

"அடிப்பாவி. ஒங் கட்டைவெரலை ஊருக்கே வாடகைக்கு விட்டுருக்கியா?"

சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் சொன்னார்: "எல்லாத்தையும் இன்னைக்கே கழிச்சு விட்ரு. நாளைக்கு வாராய்ங்க."

உனக்குத் தெரியும். வாலிநோக்கம் உப்பளத்து ஆட்கள் விரலை வைத்தால் மெஷின் சிவப்பு காட்டும். நண்டு உடைக்கிற பெண்களுக்கும் அப்படித்தான். ஈரத்துணியில் துடைத்து, திரும்ப வைத்து, திரும்பத் துடைத்து. நாலாவது முறை நான் என் விரலை வைத்துவிடுவேன். மெஷின் பச்சை காட்டும், சிம் என் பெயரில் விழும். அவர்களும் போய்விடுவார்கள். 2019இல் உன் அப்பா வந்தபோதும் அதுதான் நடந்தது. முப்பது வருடம் சிமெண்டில் கிடந்த கை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். உனக்கு அப்போது பதினாறு வயது, உன் பெயரில் தரமுடியாது. என் விரலை வைத்தேன்.

நம் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பார்க்க அரசின் இணையதளம் ஒன்று இருக்கிறது. எண்களை வரிசையாகக் காட்டும். முழுதாகக் காட்டாது, இடையில் நட்சத்திரக் குறிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள். தேவை. தேவையில்லை. என் எண் அல்ல. ஆறுக்கும் மூன்றாவது கட்டத்தைத் தொட்டேன். நட்சத்திரங்களுக்குள் உங்கள் எண் எது என்று தெரியவில்லை, தக்சி. ஆறையும் ஒன்றாகத்தான் பார்த்தேன்.

மற்ற ஐந்து பேரும் இந்நேரம் வேறு எண் வாங்கியிருப்பார்கள். உங்களுக்கு வேறு எண் என்று ஒன்று கிடையாது. அது தெரியாதவள் போல எழுத முடியவில்லை.

அம்மாவிடம் என்ன சொன்னாய்?

நாகஜோதி


மண்டபம் முகாம்
13 ஆகஸ்ட் 2025

நாகஜோதி அவர்களுக்கு,

டவரில் வேலை நடக்கிறது என்று சொன்னேன். அம்மா நம்பினார். புயல் சமயத்தில் நாட்கணக்கில் டவர் இல்லாமல் இருந்தது அவருக்கு நினைவிருக்கிறது. போன் சார்ஜில்தான் இருக்கிறது. ஒரு சதவீதம் குறைந்தாலும் திரும்பச் செருகுகிறார்.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். ஒருமுறை எழுத்தில் இருக்கட்டும்.

என் அண்ணா தர்சிகன் 2013 மே மாதம், பத்தொன்பது வயதில், வேளாங்கண்ணிக்குப் போய்வருவதாக எழுதிக் கொடுத்து இந்த அகதி முகாமை விட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து யாருடைய போனிலோ இருந்து அழைப்பு எடுத்தான். அம்மா அதை ஒரு சொல் மாறாமல் சொல்வார். "அம்மா, போட்டில ஏறப்போறன். அவுஸ்திரேலியா. போய்ச் சேர்ந்த உடன இந்த நம்பருக்கு எடுப்பன். நம்பரை மட்டும் மாத்திப்போடாதேங்கோ." அவ்வளவுதான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்று. அந்தப் படகைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. படகு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வீட்டில் அந்த எண் இருக்கும்வரை அம்மா காலையில் எழுந்து தேநீர் வைத்தார்.

அந்தச் சிம் முதலில் மீன் வியாபாரி செல்லச்சாமி மாமாவின் பெயரில் இருந்தது. 2019இல் அவர் இறந்ததும் அவர் வீட்டார் நிறுத்தப் போனார்கள். அப்போதுதான் நீங்கள் உங்கள் பெயருக்கு மாற்றினீர்கள். மாற்றிய அன்று ஏழு மணி நேரம் இணைப்பு இல்லை. அம்மா அந்த ஏழு மணி நேரத்தை இன்னும் சொல்வார். எனக்குப் பதினெட்டு ஆனதும் என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று நீங்கள் மூன்று முறை சொன்னீர்கள். மூன்று முறையும் அம்மா மறித்துவிட்டார். "அந்த ஏழு மணித்தியாலத்துக்குள்ள அவன் எடுத்தா?" 

நேற்று ராமநாதபுரத்தில் சிம் கம்பெனிக் கடைக்குப் போனேன். நிறுத்தப்பட்ட எண் தொண்ணூறு நாள் சும்மா கிடக்கும், பிறகு வேறு யாருக்காவது போய்விடும் என்றார்கள். அதற்குள் பெயருக்குரியவர் நேரில் வந்து, இது என் எண்தான், தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்குமாம். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டார், "அந்த நாகஜோதி உங்களுக்கு யாரு?"

கடைசித் தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 29ஆம் தேதியோடு தொண்ணூறு நாள் முடிகிறது. எப்போது வருகிறீர்கள்?

பதிலைக் கல்லூரி முகவரிக்குப் போடுங்கள். வீட்டில் தபாலை அம்மா பிரிப்பார்.

தக்சிகா


சேந்தனேந்தல்
18 ஆகஸ்ட் 2025

தக்சி,

"அவர்களுக்கு" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டவே எனக்கு நேரம் ஆயிற்று.

வருகிறேன். ஆனால் இப்போது இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடிகிறது. கடிதத்தில் அது ஒரு வசதி.

மூன்றாவது கட்டத்தைத் தொட்டதோடு முடியவில்லை. மறுநாள் வந்தவர்களிடம் எழுதியும் கொடுத்தேன். இந்த ஆறு இணைப்புகளும் எனக்குத் தெரியாமல், என் ரேகையை யாரோ தவறாகப் பயன்படுத்தி எடுத்தவை என்று. கீழே கையெழுத்து. "தேவையில்லை" என்பதைத் தொட்டிருக்கலாமே என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். தேவையில்லை என்றால் ஒருகாலத்தில் தேவைப்பட்டது என்று ஆகிவிடும். நான் கொடுத்தவை என்று ஆகிவிடும்.

இளநிலை உதவியாளர் வேலைக்கு என் பெயர் வந்திருப்பது உனக்குத் தெரியும். சான்றிதழ் பார்த்துவிட்டார்கள். போலீஸ் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. இப்போது நான் ராமநாதபுரம் போய் "என் எண்தான்" என்று எழுதினால் முதல் தாள் பொய்யாகிவிடும். பொய்த்தாள் எழுதியவளை அரசு அலுவலகத்தில் தாள் எழுத உட்கார வைக்கமாட்டார்கள்.

எத்தனை வருடம் அந்தத் தேர்வுகளை எழுதினேன். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று நீதான் கேள்வி கேட்பாய். தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் கண்ணாடியில் தட்டுவாய். "உங்களுக்கெல்லாம் ஆர் வேலை தருவினம்?" என்று நீ சொல்ல, கடைக்கு வந்த ஆட்கள் சிரிப்பார்கள்.

இங்கே என்னைப் பெற்ற அய்யா தினமும் தபால்காரரை வழியிலேயே மறித்துக் கேட்கிறார். என்னிடம் ஒன்றுதான் சொல்கிறார்: "ஒரு கையெழுத்து விழுகுற வரைக்கும் இங்கன அங்கன நகராத தாயி. கண்ணுல படாம இரு." நானும் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறேன். கடையில் என்னைச் சுற்றி எப்போதும் ஆட்கள். இங்கே என்னைச் சுற்றிக் கருவேலங்காடு.

செப்டம்பர் கடைசிக்குள் சரிபார்ப்பு முடிந்துவிடும் என்கிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் இருக்கும். பொறு. வேலையில் சேர்ந்த மறுநாள் ராமநாதபுரம் போவேன். உனக்கு நான் இதுவரை சொல்லி எதையும் செய்யாமல் இருந்ததில்லை.

நாகஜோதி


மண்டபம் முகாம்
9 செப்டம்பர் 2025

ஜோதி அக்கா,

இரண்டாம் தேதி காலை அந்த விசாரணைக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த ஆறு சிம்மும் எந்தெந்தப் போனில் ஓடின என்று பார்த்துக்கொண்டு வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். எங்களிடம் இரண்டு நாற்காலி. இரண்டையும் அவர்களுக்குப் போட்டோம். அப்பா வாசற்படியில் குந்தியிருந்தார்.

"இந்தச் சிம் யாரு குடுத்தா?"

"செல்லச்சாமி எண்டு ஒரு மீன் யாவாரி, ஐயா. நல்ல மனிசன். செத்துப்போனார்."

"அவரு செத்து ஆறு வருஷமாச்சே பெரியவரே. அப்புறம் நாகஜோதிங்கிற பொண்ணு பேருக்கு மாறியிருக்கு. அந்தப் பொண்ணைத் தெரியுமா?"

"தெரியாது ஐயா. இப்பத்தான் பேரையே கேள்விப்படுறன்."

அம்மா தண்ணீர் கொடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். போன தீபாவளிக்கு நீங்கள் வாங்கித் தந்த சேலையைத்தான் கட்டியிருந்தார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தாளில் எழுதி வாசித்துக் காட்டினார்கள். செல்லச்சாமி கொடுத்தது, அதன் பிறகு எப்படி, யார் பெயருக்கு மாறியது என்று தெரியாது, நாகஜோதி என்பவரை அறியேன். அப்பா கையெழுத்துப் போட்டார். கனகசபாபதி என்று முழுதாக.

அவர்கள் போனபின் நான் சத்தம் போட்டேன். ஏன் தெரியாது என்றீர்கள் என்று. அப்பா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பிள்ளை ஆறு வருஷம் எங்கட நம்பரைத் தன்ர பேரில வச்சிருந்தது. வேலை கிடைக்கிற நேரத்தில நாங்க போய்க் கெடுக்கிறதே? ஒரு கையெழுத்துத்தானே."

உங்கள் வேலை விஷயத்தை அவரிடம் சொன்னது நான்தான். உங்கள் கடிதம் வந்த அன்று, உங்கள் மேல் உள்ள கோபத்தில் சொன்னேன். அவர் கோபத்தை விட்டுவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்று. என் பெயரில் ஒரு புதுச் சிம் வாங்கி அம்மாவின் போனுக்குள் போட்டுவிட்டேன். கோடுகள் வந்தன. "டவர் வந்திட்டுது" என்று நான்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அம்மாவுக்குக் கோடுகளைத்தான் பார்க்கத் தெரியும். உள்ளே இருக்கும் எண் வேறு என்று தெரியாது. அக்டோபர் 29க்குள் பழையது வந்துவிட்டால், வந்ததும் தெரியாமல் மாற்றிப் போட்டுவிடுவேன்.

நீங்கள் ஆகஸ்டில் வந்திருந்தால் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தேதிகளைச் சொல்கிறேன்.

தக்சிகா


சேந்தனேந்தல்
14 செப்டம்பர் 2025

தக்சி,

"இப்பத்தான் பேரையே கேள்விப்படுறன்."

அந்த வரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். உன் அப்பா சொன்னதும் நான் சொன்னதும் ஒரே வாக்கியம். அவர் என்னைக் காப்பாற்ற என்னைத் தெரியாது என்றார். நான் என்னைக் காப்பாற்ற உங்களைத் தெரியாது என்றேன்.

முதல் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. நட்சத்திரக் குறிகள் நடுவில்தான் இருந்தன. கடைசி நான்கு எண்கள் தெரிந்தன. மூன்றாவது வரிசை. ஆறு வருடம் மாதாமாதம் நான் ரீசார்ஜ் செய்த எண், எனக்குத் தெரியாதா. கை நின்றது. உன் அம்மா கடைக்கு வந்தால் போனை இரண்டு கையாலும் பிடித்து நீட்டுவாரே, அது கண்ணுக்குள் வந்தது. அதன் பிறகு தொட்டேன்.

ஐந்துக்கு இல்லை என்றும் ஒன்றுக்கு மட்டும் ஆம் என்றும் சொன்னால் அந்த ஒன்றைப் பற்றிக் கேட்பார்களோ என்று நினைத்தேன். தக்சி, சட்டம் ஒருவருக்கு ஒன்பது எண் வரை அனுமதிக்கிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் "தேவை" என்று தொட்டிருந்தால் என் பெயரில் இரண்டு எண் இருந்திருக்கும். இரண்டு போன் வைத்திருக்கிற பெண்ணிடம் யார் எதைக் கேட்கப்போகிறார்கள்? கடையில் தினமும் பத்துப் பேருக்கு நான் வாயால் சொல்கிற விதி அது. அந்த ஒரு நிமிடம் நினைவுக்கு வரவில்லை. பயந்தவளுக்குத் தான் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை.

வேலை வேண்டாம். 22ஆம் தேதி திங்கட்கிழமை ராமநாதபுரம் போகிறேன். என் எண்தான், நான்தான் கொடுத்தேன், யாருக்குக் கொடுத்தேன் என்றும் தெரியும் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். அய்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. பஸ் ஏறியபின் தெரிந்துகொள்ளட்டும்.

முப்பது நாளுக்குமேல் இருக்கிறது. கிடைத்துவிடும்.

நாகஜோதி


மண்டபம் முகாம்
18 செப்டம்பர் 2025

அக்கா,

போகாதீர்கள்.

யாருக்குக் கொடுத்தேன் என்று நீங்கள் எழுதும் அந்த நிமிடம் அப்பாவின் தாள் பொய்யாகிறது. உங்கள் பொய்க்கு என்ன போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வேலை போகும். எங்களுக்கு எது போகும் என்று யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. முகாமில் இருக்கிறவரின் பொய்க் கையெழுத்துக்கு எடை வேறு. அறுபத்தொரு வயதில் அப்பாவை எங்கேயாவது கூட்டிப்போய் விசாரித்தால் நான் அம்மாவுக்கு எந்த டவரில் வேலை நடக்கிறது என்று சொல்வது?

யாரிடம் கொடுத்தேன் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்கலாமா என்று யோசித்தேன். எண் திரும்ப ஓடும். எங்கள் போனில்தான் ஓடும். அவர்களுக்கு அது தெரியும்.

ஆகஸ்டில் உங்கள் பொய் மட்டும் இருந்தது. அதை நீங்கள் எடுத்துவிட்டிருக்கலாம். இப்போது அதன்மேல் அப்பாவின் பொய் இருக்கிறது. கீழே உள்ளதை உருவ முடியாது.

நேற்று அப்பாவிடம் கேட்டேன். அண்ணாவின் எண்ணா, நீங்களா என்று நேராகவே கேட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "கொம்மா நித்திரையோ?" என்று மட்டும் கேட்டார். நான்தான் முடிவெடுத்தேன், அக்கா. உயிரோடு இருக்கிறவரை எடுத்துக்கொண்டேன். அதை எழுதிவிட்டுப் பார்க்கிறேன். என் அண்ணா இறந்துவிட்டான் என்று நான் முதல்முறையாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசி நான்கு எண்களைப் பற்றி நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். அல்லது முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம்.

இனி எழுத வேண்டாம்.

தக்சிகா


சேந்தனேந்தல்
30 அக்டோபர் 2025

தக்சி,

எழுத வேண்டாம் என்றாய். நேற்றைய தேதிக்காக மட்டும் எழுதுகிறேன்.

ராமநாதபுரம் போனேன். கம்பெனிக் கடைக்கு எதிர்ப்புறம், ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றேன். உள்ளே போனால் உன் அப்பா. போகாவிட்டால் உன் அண்ணன். ஜெராக்ஸ் கடைக்காரர், "யாருக்காகம்மா நிக்குற?" என்று இரண்டு தரம் கேட்டார். ஒரு ஆள் வரணும் என்றேன். அவர்கள் ஷட்டர் போடும்வரை நின்றேன்.

சரிபார்ப்பு போன வாரமே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த அதிகாரி அய்யாவிடம், "பொண்ணு மேல ஒண்ணுமில்லங்க. பாவம், இது வெரலை வச்சு யாரோ ஏமாத்திருக்காய்ங்க" என்றார். அய்யா அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று வெட்டினார். குடித்தேன்.

திருவாடானை தாலுகா அலுவலகம். மூன்றாம் தேதி சேரவேண்டும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதலில் உங்கள் எண்ணைத்தான் அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னார்கள்.

நாகஜோதி


மண்டபம் முகாம்
22 ஜனவரி 2026

அக்கா,

போனில் கதைத்தால் அம்மாவுக்குக் கேட்கும். ஒரே அறை. அதனால் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

அந்த எண் அடிக்கிறது.

கண்டுபிடித்தது அம்மா. அவருக்குச் செப்டம்பரிலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் போனை வாங்கித் தன் எண்ணை அடித்துப் பார்த்திருக்கிறார். கையில் இருந்த போன் அடிக்கவில்லை. என்னிடம் சொல்லவில்லை. பிள்ளை கவலைப்படும் என்று சொல்லவில்லையாம். அதன் பிறகு தினமும், நான் கல்லூரிக்குப் போனபின், ஒருமுறை அடித்துக் கேட்டிருக்கிறார். நான்கு மாதம் நாங்கள் இருவரும் டவர் நன்றாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சில வாரங்களுக்கு முன்பிருந்தே ரிங் போயிருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. பொங்கலுக்கு மறுநாள்தான் ஒரு பெண் எடுத்திருக்கிறார். பெயர் சூஃபியா. மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவர். டிசம்பர் கடைசியில் புதுச் சிம் வாங்கினாராம்.

ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார். அம்மா சிரித்ததைக் கேட்டு நாளாகியிருந்தது.

"சாப்பிட்டியளோ பிள்ளை? இலை வந்ததோ?"

"வந்துட்டும்மா. இன்னைக்கு ஆயிரம் சுத்தணும். ஒங்க மவன் போன் பண்ணலம்மா. பண்ணா நாஞ் சொல்லாம இருப்பேனா? ஒங்க நம்பரை எழுதிச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கேன்."

"நீங்க நல்லாயிருப்பியள்."

போனை வாங்கிக்கொண்டு நான் கொஞ்சம் தள்ளிப் போனேன். ஸ்பீக்கரை அணைத்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அக்கா, சிம் போட்ட நாளில இருந்து வெளிநாட்டில இருந்து ஆரும் எடுத்தவையோ?"

 அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒங்கம்மாட்ட சொல்லலம்மா. மொத வாரம் ஒரு நம்பர் வந்துச்சு. பிளஸ் ஆறுன்னு ஆரம்பிச்சுச்சு. ஒரே நாள்ல மூணு தடவ அடிச்சுச்சு. தெரியாத வெளிநாட்டு நம்பரை எடுக்காதீங்க, ஏமாத்துக்காரங்கன்னு எல்லாத்துலயும் சொல்லுதாங்கள்லா. நான் எடுக்கல. பிளாக் பண்ணிட்டேன். அது ஒங்க அண்ணனா இருக்குமோம்மா?"

அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பிளாக் பண்ணினது நிறையக் கிடக்கிறது, தேடுகிறேன் என்றார். பின்னால் ஒரு ஆணின் குரல். "யாருட்டடி தெனமும் பேசுத? போனை வை." அவ்வளவுதான். அதன் பிறகு பக்கத்து வீட்டுப் போனிலிருந்தும் போகவில்லை, என் போனிலிருந்தும் போகவில்லை. எங்களையும் பிளாக் செய்திருக்கிறார்கள்.

அவுஸ்திரேலியாவுக்கு 61. இந்தோனேசியாவுக்கு 62. மலேசியாவுக்கு 60. ஏமாற்றுக்காரர்களும் அங்கிருந்து அழைக்கிறார்கள். எனக்கு வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். அது அண்ணாவாக இருக்காது என்று என்னால் பத்துக் காரணம் சொல்ல முடியும்.

ஆனால் எண் எங்களிடம் இருந்த பன்னிரண்டு வருடமும் அம்மா எல்லா அழைப்பையும் எடுத்தார். லோன் வேண்டுமா என்று கேட்டவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று மிரட்டியவனிடம், "தம்பி, நீங்க எங்கயாவது தர்சிகனைக் கண்டனீங்களோ?" என்றார். அவனே வைத்துவிட்டான். எடுத்ததால்தான் ஒவ்வொரு முறையும் அது அவன் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. இந்த மூன்று முறை மட்டும் தெரியாது.

செப்டம்பரில் அண்ணா இறந்துவிட்டான் என்று உங்களுக்கு எழுதினேன். இப்போது அதையும் என்னால் வைத்திருக்க முடியவில்லை.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. காலையில் அடித்துப் பார்க்கிறார். போகவில்லை என்றால், "பாவம், பிள்ளைக்கு வேலை கூடிப்போச்சு" என்கிறார். அப்பா அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. இருக்காதபடி பார்த்துக்கொள்கிறார்.

உங்களைத் தண்டிக்க இதை எழுதவில்லை. அதற்காகத்தான் எழுதினேனோ என்றும் தெரியவில்லை.

தக்சிகா


ஜனவரி 27ஆம் தேதி நாகஜோதி இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மேலப்பாளையம் போனாள். பீடிக்கடையில் விசாரித்து சூஃபியாவின் வீட்டைக் கண்டுபிடித்தாள். பிளாக் செய்த எண்களில் பிளஸ் ஆறில் தொடங்குபவை நான்கு இருந்தன. நான்கையும் ஒரு தாளில் எழுதி, சூஃபியாவை வாசிக்கச் சொல்லி ஒருமுறை சரிபார்த்தாள். எதையும் அழைக்கவில்லை. தாளை உறையிலிட்டு, தக்சிகாவின் கல்லூரி முகவரி எழுதி, தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் கொடுத்துவிட்டுப் பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.